படியேறாத முதலாளி

(டொரண்டோவில் தமிழ் லாரி ஓட்டுநர் குடும்பங்கள் கூடிய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, வேலைகளுக்கு நடுவிலும் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தை மருத்துவர் அம்மா அவர்களே, இந்த விழாவுக்காக மூன்று மாதமாக வீடு தங்காமல் உழைத்த செயலாளர் தம்பி அவர்களே, ஒவ்வொரு ஆண்டும் கணக்கைக் காசு பிசகாமல் ஒப்படைக்கும் பொருளாளர் அண்ணன் அவர்களே, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்து நமக்கெல்லாம் வழி காட்டிய மூத்தோர்களே, நேற்று இரவு வினிபெக்கிலிருந்து வண்டியை ஓட்டி வந்து, தூக்கம் கலையாத கண்ணோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் சக ஓட்டுநர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

சமையல் குழுவினரை விட்டுவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "வடக்கின் சாலைகளும் இளம்பிள்ளை வாதமும்". சாலைக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று அழைப்பிதழைப் பார்த்துப் பலர் கேட்டார்கள். மூன்று செய்திகளைச் சொல்லப் போகிறேன். ஒன்று, கனடாவின் வடக்கில் பாரவண்டித் தொழில் எப்படி நடக்கிறது என்பது. இரண்டு, போலியோ இந்த நாட்டை என்ன செய்தது என்பது. மூன்று, உடல் ஊனமுற்ற ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்க வங்கிகள் என்ன செய்ய வேண்டும் என்பது.

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளின் சத்தத்தில் வளர்ந்தவன் நான். என் அப்பா கிளீனராகத் தொடங்கி ஓட்டுநரானவர். அவர் வாயில் எப்போதும் ஒரு பழமொழி இருக்கும்: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. தேர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி, எத்தனை ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் சரி, சக்கரத்தைக் கழலாமல் பிடித்து நிற்பது அந்தச் சின்னஞ்சிறு ஆணி. இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஆணியைப் பற்றித்தான்.

முதலில் சாலை. 1942-இல் போர்க்காலத்தில் அலாஸ்கா நெடுஞ்சாலையைப் போட்டார்கள். டாசன் கிரீக்கில் தொடங்கிக் காட்டையும் சேற்றையும் மலையையும் கடந்து சுமார் 2,400 கிலோமீட்டர். மார்ச்சில் தொடங்கிய வேலை நவம்பரில் முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் உழைத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். அவர்கள் பெயர் வெகுகாலம் யார் வாயிலும் வரவில்லை.

அதற்கும் வடக்கே, நிலத்தில் சாலை போட முடியாத இடங்களில், உறைந்த ஏரியே சாலை. 1960-களில் ஜான் டெனிசன் என்பவர் தன் ஆட்களோடு யெல்லோநைஃபிலிருந்து கிரேட் பேர் ஏரிப் பக்கம் உள்ள சுரங்கத்துக்குப் பனிச்சாலை போட்டார். இன்று வைரச் சுரங்கங்களுக்குப் போகும் குளிர்காலச் சாலை ஜனவரிக் கடைசியில் திறந்து மார்ச் கடைசியோடு மூடிவிடும். ஓர் ஆண்டுக்கு வேண்டிய டீசல், சிமெண்டு, வெடிமருந்து, டயர் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 2007-ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் 10,922 லோடு போனது. அதற்கு முந்தைய ஆண்டு வெயில் முந்திக்கொண்டு பனி இளகிவிட்டதால், மிச்சச் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று.

சரக்கோடு போகும் வண்டிக்குப் பனி மேல் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். அதற்கு மேல் போகக் கூடாது. காரணம் தெரியுமா? வண்டி போகும்போது பனிக்கட்டி கொஞ்சம் வளைகிறது. அடியில் இருக்கும் தண்ணீரில் ஓர் அலை எழும்பி வண்டியோடு கூடவே வரும். வேகமாகப் போனால் அந்த அலை கரையில் மோதித் திரும்பிப் பனியை உள்ளிருந்து உடைத்துவிடும். இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் முதலாளி. அவரைப் பற்றித்தான் இன்று விரிவாகப் பேசப் போகிறேன். அவர் சென்ற ஆண்டு காலமானார். மேடையில் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று உயிரோடு இருந்தபோதே கேட்டுக்கொண்டவர். ஆகவே முதலாளி என்றே சொல்கிறேன்.

ஆல்பர்ட்டாவில் ஒரு விவசாயியின் மகன். 1953-இல் நான்கு வயது. அந்த ஆண்டுதான் கனடாவில் போலியோ உச்சத்துக்குப் போனது. ஏறத்தாழ 9,000 பேருக்கு நோய், சுமார் 500 பேர் மரணம். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினான் பையன். இடது கால் மடங்கி விழுந்துவிட்டான். எட்மண்டனில் மருத்துவமனையில் பல மாதம். கம்பளித் துணியைக் கொதிநீரில் முக்கிப் பிழிந்து காலில் சுற்றுவார்கள். அந்த ஈரக் கம்பளி வாசனை தன் மூக்கை விட்டுப் போகவே இல்லை என்பார். அம்மாவும் அப்பாவும் தொற்றுக்குப் பயந்து உள்ளே வரக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே நின்று கை அசைப்பார்கள். தன் அம்மாவின் முகத்தைவிட அந்தக் கையுறைதான் தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். போலியோக் கிருமி முதுகுத் தண்டில் இருக்கும், தசையை இயக்கும் நரம்புகளைத்தான் அழிக்கிறது. உணர்ச்சி அப்படியே இருக்கும். கால் அசையாது, ஆனால் கிள்ளினால் வலிக்கும், குளிர்ந்தால் குளிரும். சொல்லப்போனால், தசை வேலை செய்யாத கால் மற்றக் காலைவிடச் சீக்கிரம் சில்லிட்டுப் போகும். அப்படிப்பட்ட காலோடு அந்த மனிதர் வாழத் தேர்ந்துகொண்ட இடம் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி போகும் ஊர்.

பதினெட்டு வயதில் லாரி ஓட்ட ஆசைப்பட்டார். கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டுமே. யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஒரு கம்பெனியில் வண்டிகளை அனுப்பிவைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த ஓட்டுநருக்கு எப்போது தூக்கம் வரும், எந்தச் சுரங்கத்தில் எத்தனை நாள் டீசல் மிச்சம் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். பிறகு ஒரு பழைய வண்டியைக் கூட்டாளியோடு சேர்ந்து வாங்கினார். நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு வண்டி. பன்னிரண்டு வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு நாளும் தன் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டியதில்லை. அவர் ஓட்டியதெல்லாம் கிளட்ச் இல்லாத பிக்கப் ஒன்றுதான், வலது காலால்.

ஒரு குளிர்காலத்தில் அவர் நிமோனியாவில் ஒன்பது நாள் படுத்துவிட்டார். வண்டிகள் இருந்தன, ஓட்டுநர்கள் இருந்தார்கள், சரக்கும் இருந்தது. ஒரே ஊருக்கு இரண்டு வண்டி போனது. இன்னோர் ஊருக்கு ஒன்றுமே போகவில்லை. அப்போதுதான் என் அப்பா சொன்னது எனக்கு உறைத்தது: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

இப்போது சொல்லப்போகும் நிகழ்ச்சியை என் பிள்ளைகள் நூறு தடவை கேட்டுவிட்டார்கள். நீங்கள் ஒரு தடவை கேளுங்கள். 2006 பிப்ரவரி. ஃபோர்ட் பிராவிடன்ஸைத் தாண்டி யெல்லோநைஃப் போகும் மூன்றாம் எண் சாலை. இருநூறு கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. காட்டெருமைகள் மட்டும் சாலையில் வந்து நிற்கும். மூக்கிலிருந்து புகை போல மூச்சு வரும். இரவு பதினோரு மணி. வண்டி இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. வெளியே நாற்பத்து மூன்று டிகிரி மைனஸ். இஞ்சின் நின்றால் சூடு நிற்கும். சூடு நின்றால் வண்டிக்குள் அரை மணி நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும். செல்போன் எடுக்காது. எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார், என்னைத் தன் வண்டியில் ஏறச் சொன்னார். எனக்கோ வண்டியை விட்டுப் போக மனமில்லை. அதில் இருந்த டீசல் ஒரு சுரங்கத்தின் விளக்கு. "எங்கள் முதலாளிக்குச் சொல்லிவிடுங்கள்" என்று மட்டும் கேட்டேன். மெழுகுவர்த்தி ஒன்றை டப்பாவுக்குள் ஏற்றிவைத்துக்கொண்டு, தூங்கும் பையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா நினைவு, ஊர் நினைவு, ஐப்பசி மழை நினைவு, என்னென்னவோ வந்தது.

நாலரை மணி நேரம். தூரத்தில் இரண்டு விளக்கு. யாரோ மெக்கானிக்கை அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன். பிக்கப் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு ஊன்றுகோல் இறங்கியது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் காலிப்பர் என்னும் தாங்கி போட்ட கால். முதலாளி! அந்த நேரத்தில் வேறு யாரும் கிடைக்கவில்லையாம், தானே வந்துவிட்டார். நடுவில் மெக்கன்சி ஆற்றைப் பனி மேலேயே கடந்து வந்திருக்கிறார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ நன்றாக இருக்கிறாயா?" இரண்டாவது, "நிற்கும் முன் இருமியதா, சட்டென்று நின்றதா?" இருமியது என்றேன். "வடிகட்டியில் பனி" என்றார். கோட்டுக்குள், நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த இரண்டு புதிய எரிபொருள் வடிகட்டிகளை எடுத்தார். அவை வழியில் உறைந்துவிடக் கூடாது என்று கைக்குழந்தையைப் போல வழி நெடுக நெஞ்சுச் சூட்டில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். நான் செய்கிறேன் என்று கெஞ்சினேன். "உன் விரல் இப்போது உனக்குச் சொந்தமில்லை, போய்ச் சூட்டில் உட்கார்" என்றார். உண்மைதான், என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. பிக்கப்புக்குள் உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த மனிதரின் இடது கால் மட்டும் வண்டிக்கு வெளியே பனியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இழுத்துக்கொள்ள அதற்குத் தெம்பில்லை. குளிர் மட்டும் அதற்குத் தெரியும். இறங்கிப் போய் என் கோட்டைக் கழற்றி அந்தக் காலில் சுற்றினேன். அடியிலிருந்து ஒரு வார்த்தை வந்தது: "நன்றி, தம்பி." தம்பி என்ற சொல்லை நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

வண்டி கிளம்பியது. சுரங்கத்துக்கு டீசல் போய்ச் சேர்ந்தது.

(கைதட்டல்)

நன்றி. ஆனால் இந்தக் கைதட்டலை அவர் கேட்டிருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. 2009. வடக்கில் அவரிடம் வேலை பார்த்த தமிழ்ப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து, அவரை இந்தப் பக்கம் அழைத்து வந்து பாராட்டு விழா எடுத்தோம். பொன்னாடை வாங்கினோம், மாலை கட்டினோம், நாதஸ்வரம் ஏற்பாடு செய்தோம். மண்டபம் எது என்று சொல்ல மாட்டேன். வாசலில் பதினான்கு படி. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஆடும் கைப்பிடி. காரிலிருந்து இறங்கினார், படியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்போது அவருக்கு அறுபது வயது. போலியோ வந்தவர்களில் பலருக்கு முப்பது நாற்பது ஆண்டு கழித்து, நல்லபடி இருந்த தசைகளும் தளரத் தொடங்கும். அந்தத் தளர்ச்சி அவருக்கும் வந்திருந்தது. நாங்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்று முன்னால் போனோம். கையை உயர்த்தி நிறுத்தினார். "தூக்கி ஏற்றுவது சரக்கை" என்றார். அவ்வளவுதான். திரும்பக் காரில் உட்கார்ந்துகொண்டார்.

பொன்னாடையைக் கார் ஜன்னல் வழியாகப் போர்த்தினோம். உள்ளே முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாதஸ்வரம் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து அந்தப் பதினான்கு படியும் நெஞ்சுக்குள் இருக்கிறது. தேரை அலங்கரித்துவிட்டு அச்சாணியை வாசலில் விட்டு வந்தோம், பெரியோர்களே.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். குழந்தை மருத்துவர் அம்மா இருக்கிறார். தவறு இருந்தால் திருத்த வேண்டும். போலியோ கோடைக்கால நோய், குளிர் நாட்டில் அண்டாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1948-49 குளிர்காலத்தில் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் செஸ்டர்ஃபீல்டு இன்லெட்டில் இனுயிட் மக்களிடையே அது பரவியது. சுமார் 275 பேர் இருந்த சமூகத்தில் 14 பேர் இறந்தார்கள். பல பேருக்குக் கை கால் போனது. வேட்டையாடி உண்ணும் மக்களுக்குக் கால் போனால் என்ன அர்த்தம் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கொடுமைக்கு மருந்து வந்ததில் இந்த டொரண்டோ நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பூசிக்குக் கிருமியை ஏராளமாக வளர்க்க வேண்டியிருந்தது. இங்கே கன்னாட் ஆய்வகத்தில் அதற்கான திரவத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். லியோன் ஃபாரல் என்ற அம்மையார், பெரிய பெரிய புட்டிகளைத் தொட்டில் போல மெதுவாக ஆட்டிக்கொண்டே கிருமியை வளர்க்கும் முறையை உருவாக்கினார். அந்தத் தொட்டில்களிலிருந்து போன சரக்கை வைத்துத்தான் 1954-இல் பதினெட்டு லட்சம் குழந்தைகள் பங்குகொண்ட சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12, தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்தார்கள். என் முதலாளிக்கு நோய் வந்து இரண்டே ஆண்டு கழித்து!

அதே ஏப்ரல் 12-ஐத் தேர்ந்தெடுத்து 2008-இல் ஒருவர் கனடாவின் மேற்குக் கரையில் உள்ள விக்டோரியாவில் ஒரு பயணம் தொடங்கினார். பெயர் ரமேஷ் ஃபெரிஸ். 1979-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது போலியோ தாக்கி இரண்டு காலும் போயிற்று. வளர்க்க வழியில்லாத தாய் அவரைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார். யூகானில் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவரின் குடும்பம் அவரைத் தத்தெடுத்தது. அறுவை சிகிச்சைகள், காலிப்பர், ஊன்றுகோல், ஒயிட்ஹார்ஸில் வளர்ந்தார். 2002-இல் இந்தியா போனார், பெற்ற தாயைப் பார்த்தார். தன்னைப் போலவே போலியோ வந்தவர்கள் தரையில் கையூன்றித் தவழ்ந்து போவதையும் பார்த்தார். தத்துப் போகாவிட்டால் தானும் அப்படித்தான் இருந்திருப்போம் என்பது அவருக்கு விளங்கியது.

கையால் சுற்றும் மூன்று சக்கர மிதிவண்டியில் நாட்டைக் கடந்தார். ஓட்டுநர் தோழர்களே, ராக்கி மலை ஏற்றம் உங்களுக்குத் தெரியும். சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே வாவாவிலிருந்து தண்டர் பே வரை ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் சாலை உங்களுக்குத் தெரியும். ஐந்நூறு குதிரைத் திறன் இஞ்சினே அங்கே மூச்சு வாங்கும். அந்த மனிதருக்கு இரண்டு தோள்தான் இஞ்சின். 7,000 கிலோமீட்டருக்கும் மேல் போய், அக்டோபர் 1-ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்தில் கேப் ஸ்பியரை அடைந்தார். போலியோவை ஒழிக்கவும், வந்தவர்கள் எழுந்து நடக்க உதவி கிடைக்கவும்தான் அந்தப் பயணம். கொங்கு மண்ணில் பிறந்த பிள்ளை என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமியால் கடைசியாக நோய் வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது. இலங்கையில் போர் நடந்த காலத்திலும் குழந்தைகளின் மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்கள் உண்டு. அந்தக் கியூவில் நின்ற தாய்மார் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022-இல் நியூயார்க் மாநிலத்தில், நம் வீட்டிலிருந்து ஒரு பகல் ஓட்டத் தூரத்தில், தடுப்பூசி போடாத ஒருவருக்குக் கால் முடங்கியது. ஆகவே பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்றா என்ற கேள்வியை இன்று இரவே வீட்டில் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக வங்கிக் கடன் பற்றிச் சொல்வதாக இருந்தேன். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அவர் பெருந்தன்மையால் ஏற்கனவே பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். ஆகவே முக்கியமானதற்கு வருகிறேன்.

நகரசபை உறுப்பினர் அம்மா அவர்களே, ஒண்டாரியோவில் 2005-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2025-க்குள் மாற்றுத்திறனாளிகள் எல்லா இடத்திலும் தடையின்றிப் புழங்க வழி செய்வோம் என்றார்கள். அந்தக் கெடுவும் கடந்துவிட்டது. நம் மக்கள் கல்யாணம் நடத்தும், அரங்கேற்றம் நடத்தும், இரங்கல் கூட்டம் நடத்தும் பழைய மண்டபங்களில் எத்தனைக்குச் சாய்தளம் இருக்கிறது? நான் ஆறு மாதமாக அளவுநாடாவோடு அலைகிறேன். பதினொரு மண்டபம் பார்த்தேன். நாலில் மட்டும் சக்கர நாற்காலி ஒருவர் துணை இல்லாமல் உள்ளே போகும். அந்த நாலிலும் மேடைக்கு ஏற வழி உள்ளது ஒன்றில்தான். அதாவது, பார்வையாளராக வரலாம், தலைவராக வரக் கூடாது என்று நாம் சொல்லாமல் சொல்கிறோம்.

கணக்கு மிகவும் எளிது. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஒரு படி ஏழு அங்குலம் என்றால் ஏழு அடிச் சாய்தளம். இரண்டு படி என்றால் பதினான்கு அடி. பிளைவுட், கீழே மரச்சட்டம், மேலே வழுக்காத வண்ணப்பூச்சு, இரு பக்கமும் கைப்பிடி. லாரிக்குத் தார்ப்பாய் கட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா? மண்டபக்காரர் செய்யட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை காரிலேயே உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்கும்.

இந்த மேடைக்கு இரண்டு படி. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் சக்கர நாற்காலியில் அதோ வலது ஓரத்தில் இருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டு நம் கணக்குகளைத் தணிக்கை செய்தவர். இன்று அவருக்குப் பொன்னாடை என்று நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கிறது. மேடையிலிருந்து இறங்கிப் போய்ப் போர்த்துவது என்று ஏற்பாடு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நான் மூன்றாவது முறை சொல்வதற்குக் காரணம் அவர்தான்.

தலைவர் அவர்களே, உங்கள் அனுமதியோடு அந்த ஏழாவது நிகழ்ச்சியை மட்டும் அரை மணி நேரம் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். பதினான்கு அடிச் சாய்தளம் ஒன்று, இரண்டு துண்டாக, என் பிக்கப்பில் பின்வாசல் பக்கம் இருக்கிறது. நேற்று இரவுதான் வண்ணம் காய்ந்தது. ஒரு துண்டைத் தூக்க நாலு பேர் வேண்டும். வினிபெக்கிலிருந்து வந்த தம்பிகள் எட்டுப் பேர் என்னோடு வாருங்கள். கையுறை வண்டியில் இருக்கிறது.